களியும் மத்தியும்: கடல் இல்லாத மாவட்டங்களில் ஒரு மலிவு மீனின் சத்துக் கணக்கு

தருமபுரியிலிருந்தோ கிருஷ்ணகிரியிலிருந்தோ எந்தக் கடற்கரைக்குப் போனாலும் சாலையில் 200 கிலோமீட்டருக்குக் குறையாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு ஊர் மீன் கடைகளிலும் கடல் மீனுக்குப் பஞ்சமில்லை. நாகப்பட்டினம், கடலூர் பக்கத்துப் பெட்டிகள் ஒரு வழியில் வருகின்றன. கேரளத்துப் பெட்டிகள் சேலம் வழியாக 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறி வருகின்றன. கடை மேசையில் வஞ்சிரத்துக்கு முன்வரிசை, மத்திக்கு ஓரத்தில் ஒரு தட்டு. விருந்தாளி வந்தால் வஞ்சிரம். மாதக் கடைசியில் மத்தி. முள்ளு மீன், நாற்றம் பிடித்த மீன் என்ற பெயர் வேறு அதற்கு.

சத்தைக் கொண்டு வரிசை வைத்தால் இந்த மேசையைத் திருப்பிப் போட வேண்டியிருக்கும். அதிலும் ராகி களியை முதன்மை உணவாகக் கொண்ட வீடுகளுக்கு, களியில் எது இல்லையோ அது மத்தியில் இருக்கிறது. ஒரே நிபந்தனை, மீன் ஐஸை விட்டு விலகாமல் வந்திருக்க வேண்டும். அந்த நிபந்தனை தவறினால் கடையில் கிடக்கும் மீன்களில் முதலில் ஆபத்தாவதும் மத்திதான்.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு. குமரிக் கடற்கரையில் சாளை, ராமநாதபுரப் பக்கம் சூடை, சென்னையில் கவலை என்றெல்லாம் சொல்வது எல்லாமே ஒரே மீன் அல்ல. ஒரே குடும்பத்தின் வெவ்வேறு இனங்கள். இங்கே பேசுவது கேரளத்தில் நெய் மத்தி எனப்படும் எண்ணெய்ச் சத்து மிகுந்த இனத்தைப் பற்றி. நீலப்பச்சை முதுகு, வெள்ளி வயிறு, செவுள் மூடியின் பின் விளிம்பில் ஒரு கறுப்புப் புள்ளி, அதன் பின்னால் மங்கலான பொன்னிறக் கோடு. நடுத்தர அளவில் கிலோவுக்கு 18 முதல் 25 மீன் நிற்கும். சூடை இனங்களில் கொழுப்பு குறைவு. கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் கீழே சொல்லும் எண்கள் அவற்றுக்கு அப்படியே பொருந்தாது.

நூறு கிராமில் என்ன இருக்கிறது

அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணையில், முள்ளோடு டின்னில் அடைத்து எண்ணெய் வடித்த மத்திக்கான கணக்கு இது: 100 கிராமில் புரதம் 24.6 கிராம், கொழுப்பு 11.5 கிராம், கால்சியம் 382 மில்லிகிராம், இரும்பு 2.9 மில்லிகிராம், பி12 ஏறத்தாழ 9 மைக்ரோகிராம், வைட்டமின் டி 193 யூனிட், செலினியம் 52 மைக்ரோகிராம். மூளைக்கும் இதயத்துக்கும் வேண்டிய ஒமேகா-3 கொழுப்புகளான இபிஏவும் டிஹெச்ஏவும் சேர்ந்து ஒரு கிராமுக்கு அருகில். டின்னுக்குள் போவது நம் கடல் இனம் அல்ல, அதன் உறவுக்கார மீன். பச்சை மத்தியில் நீர் அதிகம் என்பதால் புரதம் 18 முதல் 20 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் சத்துகளின் அமைப்பு இதுதான்.

புரதத்தில் வஞ்சிரமும் மத்தியும் கிட்டத்தட்ட ஒன்று. வேறுபாடு மற்ற மூன்றில். முதலாவது கொழுப்பு: நல்ல பருவத்து மத்தியில் வஞ்சிரத்தைவிடப் பல மடங்கு. இரண்டாவது முள்: வஞ்சிரத்தின் முள்ளை ஒதுக்கிவிடுகிறோம், மத்தியின் முள்ளை வேகவைத்துத் தின்ன முடியும். மூன்றாவது பாதரசம். வஞ்சிரம் மற்ற மீன்களைத் தின்று வளரும் பெரிய மீன். உணவுச் சங்கிலியில் மேலே போகப்போகப் பாதரசம் உடலில் சேர்ந்துகொண்டே போகும். மத்தி தின்பது மிதவை உயிரிகளை. வாழ்வது இரண்டு, மூன்று ஆண்டு. சேர நேரமே இல்லை. கர்ப்பிணிக்கு எந்த மீன் என்று கேட்டால் விலையைப் பார்க்காமலே மத்தியைச் சொல்லலாம்.

கிருஷ்ணகிரி அணை மீனோடும் ஒப்பிட வேண்டும், ஏனென்றால் இங்கே அன்றாட மீன் அதுதான். அணை ஓரக் கடைகளிலும் ஒகேனக்கல்லிலும் பொரித்துத் தரும் ஜிலேபி, கட்லா, ரோகு எல்லாம் நல்ல புரதம். ஜிலேபியில் 100 கிராமுக்கு 20 கிராம் புரதம் உண்டு. ஆனால் கொழுப்பு 2 கிராமைத் தொடாது. முள் நீக்கிய சதையில் கால்சியம் 10 மில்லிகிராம் அளவுதான். அணை மீன் வயிற்றை நிரப்பும், தசையை வளர்க்கும். டிஹெச்ஏ, வைட்டமின் டி, முள் கால்சியம் ஆகிய மூன்றும் அதில் போதாது.

களியின் குறையும் மீனின் நிறையும்

100 கிராம் ராகி மாவில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. அரிசியும் கோதுமையும் கிட்டேயே வர முடியாது. ஆனால் ராகியில் ஃபைடிக் அமிலமும் இருக்கிறது. அது கால்சியம், இரும்பு, துத்தநாகம் மூன்றையும் பிடித்து வைத்துக்கொள்வதால், தட்டில் இருக்கும் கால்சியத்தில் ஒரு பங்குதான் உடலுக்குள் போகும். உள்ளே இழுக்க வைட்டமின் டி வேண்டும். அது ராகியிலும் இல்லை, கீரையிலும் இல்லை, பருப்பிலும் இல்லை. ராகிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பி12 தாவர உணவு எதிலும் கிடையாது.

மத்தியில் லைசின் தாராளம். பி12-இன் ஒரு நாள் தேவை 2.2 மைக்ரோகிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. இரண்டு மத்தியிலேயே அது முடிந்துவிடும். வைட்டமின் டி தேவை 600 யூனிட். அதில் மூன்றில் ஒரு பங்கு 100 கிராம் மீனில். மீன் சதைக்கு இன்னொரு குணமும் உண்டு: கூடவே தின்னும் தானியத்தில் இருக்கும் இரும்பையும் அது உடலில் ஏறவைக்கும். மீன் குழம்பு ஊற்றித் தின்னும் களியிலிருந்து, வெறும் கடைசல் ஊற்றித் தின்னும் களியைவிடக் கூடுதல் இரும்பு கிடைக்கிறது. குழம்பில் தக்காளி நிறைய விழுந்தால் அதன் வைட்டமின் சி இன்னும் உதவும். ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளிக்கா குறை?

இந்த இரு மாவட்டங்களுக்கே உரிய இன்னொரு விஷயம் ஃபுளோரைடு. ஆழ்துளைக் கிணற்று நீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருந்தால் பல்லில் பழுப்புக் கறையும், ஆண்டுக்கணக்கில் குடித்தால் மூட்டு இறுக்கமும் வரும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டதன் காரணமே இதுதான். உணவில் கால்சியம் போதுமான அளவு இருந்தால் குடலிலேயே ஃபுளோரைடின் ஒரு பகுதியைப் பிடித்து வெளியேற்றும். கால்சியம் இல்லாத உடலில் பாதிப்பு கடுமையாகும். அதனால் முள்ளோடு மத்தி நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான், ஒரு திருத்தத்தோடு. எலும்பு எதுவானாலும் ஃபுளோரைடைச் சேர்த்து வைக்கும், மீன் முள்ளும் அப்படியே. வாரம் இரண்டு நாள் தின்பதில் வருவது சிறிதளவு. தினமும் இரண்டு, மூன்று லிட்டர் குடிக்கும் போர் தண்ணீரில் வருவதுதான் பெரிது. குடிநீரை மாற்றாமல் மீனை மருந்தாக நம்பக் கூடாது.

எந்த மாதத்து மத்தி

ஒரே மீனின் கொழுப்பு ஆண்டுக்குள் 3 சதவீதத்திலிருந்து 15 சதவீதத்துக்கும் மேல் ஏறி இறங்குவது மத்தியின் தனித்தன்மை. மேற்குக் கடற்கரையில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் நாட்களில் மத்தி சினை விடும். சேர்த்த கொழுப்பெல்லாம் அதற்கே செலவாகி, ஜூன், ஜூலையில் மீன் சப்பென்று இருக்கும். மழை கடலைக் கலக்கி மிதவை உயிரிகளைப் பெருக்கிய பிறகு தின்று கொழுத்து, அக்டோபரிலிருந்து ஜனவரி வரை உச்சத்தில் நிற்கும். தோசைக்கல்லில் எண்ணெய் ஊற்றாமலே சொரசொரவென்று தன் நெய்யில் தானே வேகும் மத்தி அப்போதுதான் கிடைக்கும்.

கணக்காகவே பார்க்கலாம். நான்கு பேர் உள்ள வீட்டில் அரைக் கிலோ வாங்கினால், ஆய்ந்த பிறகு 300 கிராம் தேறும். ஆளுக்கு 75 கிராம். கொழுப்பு 10 சதவீதமாக இருக்கும் மாதத்தில் அதில் 7.5 கிராம் மீன் நெய். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஒமேகா-3 என்று குறைத்தே வைத்தாலும் ஒன்றரை கிராம். நாளுக்கு 250 மில்லிகிராம் வீதம் வாரத் தேவை 1.75 கிராம். வாரம் இரண்டு முறை அரைக் கிலோ வாங்கினால் மிச்சமே விழும். அதே 75 கிராம் ஜூலையில், கொழுப்பு 3 சதவீதத்தில், அரை கிராமுக்குக் கீழேதான் தரும். மாத்திரை டப்பாவைப் போல மீனில் அளவு அச்சிட்டிருக்காது. ஆனால் புரதம், பி12, முள் கால்சியம் மூன்றும் பருவத்தோடு பெரிதாக மாறுவதில்லை.

கிருஷ்ணகிரி மாங்காய்க் காலம் சரியாக இந்த மெலிந்த மத்திக் காலத்தோடு மோதுகிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் மீன்பிடித் தடை. கேரளத்தில் அந்தத் தடை விசைப்படகு இழுவலைகளுக்கே. பாரம்பரிய வள்ளங்கள் போய்க்கொண்டிருக்கும். அதனால் மத்தி அறவே நிற்பதில்லை. மாங்காய் போட்ட மத்திக் குழம்பின் ருசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நெய்யை மட்டும் எதிர்பார்க்கக் கூடாது.

வரத்தே சில ஆண்டுகளில் படுத்துவிடும். கேரளத்தில் 2012-இல் 4 லட்சம் டன்னுக்கு அருகில் போன மத்தி, 2021-இல் 3,500 டன்னுக்கும் கீழே இறங்கியது. கடல் சூடும் மழையும் மாறினால் இந்த மீன் கூட்டம் அப்படியே இடம் மாறும், அல்லது பெருகாது. வரத்து கூடும் ஆண்டில் விரல் நீளக் குஞ்சு மத்தி மலிவாகக் குவியும். 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிப்பது கேரளத்தில் சட்டப்படி தவறு. நெய்யும் இல்லாத அந்தக் குஞ்சை வாங்காமல் விடுவதே மேல்.

ஐஸ்: எல்லாம் இதில்தான்

மத்தி ஏன் மற்ற மீனைவிட வேகமாகக் கெடுகிறது? மூன்று காரணம்.

ஒன்று, வயிறு. இரை நிறைந்த வயிற்றோடு பிடிபட்ட மத்தியில் செரிமான நொதிகள் மீன் செத்த பிறகும் வேலை செய்து, மெல்லிய வயிற்றுச் சதையையே கரைத்துவிடும். வயிறு வெடித்த மத்தி என்று வியாபாரிகள் தள்ளுவது இதைத்தான். இரண்டு, நெய். மீன் நெய் காற்றுப் பட்டால் காறும். வயிற்றோரம் மஞ்சளாகி, துருவேறியது போல் ஆகும்.

மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது. மத்தியின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிகுதி. மீன் சூடேறினால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றும். அப்படி உண்டான ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது, ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. நாற்றமே வராத மீனிலும் அது இருக்கலாம். தின்ற சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும், வாயில் மிளகு கடித்தது போல் எரியும், உடம்பு தடிக்கும், தலைவலி வரும், சிலருக்கு வயிற்றோட்டமும் வரும். பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். மூச்சு முட்டினால் உடனே மருத்துவமனை. "எனக்கு மத்தி அலர்ஜி" என்று வாழ்நாள் முழுக்க ஒதுக்குபவர்களில் சிலருக்கு உண்மையில் நடந்தது ஒரு நாள் ஐஸ் இல்லாத மீனைத் தின்றதுதான். கூடத் தின்ற நான்கு பேருக்கும் ஒன்றாக வந்தால் அது அலர்ஜி அல்ல என்று ஊகிக்கலாம்.

மக்கள் பேசுவது மீன் கெடாமலிருக்கச் சிலர் போடும் ஃபார்மலின் என்ற ரசாயனத்தைப் பற்றி. அந்தப் பயம் தப்பில்லை. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் 2018-இல் அதற்கென ஒரு சோதனைத் தாளையே கொண்டுவந்தது. ஆனால் மத்தியைப் பொறுத்தவரை முதலில் பயப்பட வேண்டியது மருந்து போட்டார்களா என்பதற்கு அல்ல, ஐஸ் போட்டார்களா என்பதற்கு.

வெயில் நாட்டில் மீனுக்குச் சரி எடை ஐஸ் என்பது கணக்கு: ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உடைத்த ஐஸ். பெட்டியின் அடியில் ஒரு அடுக்கு ஐஸ், மேலே மீன், மறுபடி ஐஸ். உருகும் நீர் வடிந்துகொண்டே இருக்க ஓட்டை வேண்டும். அந்த நீர்தான் வழுவழுப்பையும் கிருமியையும் கழுவிக்கொண்டு போகிறது. கடைகளில் காணும் தவறு, குவித்த மீனின் தலையில் மட்டும் ஐஸைத் தூவுவது. மேல் மீன் சில்லென்றிருக்கும். குவியலின் நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். விரல் நோகும் அளவுக்குக் குளிர்ந்திருந்தால் வாங்கலாம். வெதுவெதுப்பாக இருந்தால், கண் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம்.

விடியற்காலையில் கரையேறிய மீன் ஏலம் போய், மாலையில் லாரி ஏறி, மறுநாள் விடியலில் தருமபுரி வந்தால் அதுவே நல்ல வேகம். சரியான ஐஸில் மத்தி நான்கு, ஐந்து நாள் நல்ல நிலையில் நிற்கும். ஆக இரண்டாம் நாள் மீன் என்பதில் குற்றமில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு என்று நிறைய இறக்கி மீந்ததுதான் திங்கள், செவ்வாய்க்கு வரும். அந்த இரண்டு நாளும் மத்திக்கு விடுமுறை விடலாம்.

கடையில் நன்றாக இருந்த மீனைக் கெடுப்பது பல சமயம் நாம்தான். அரூர், பென்னாகரம் பக்கத்து ஊர்களுக்குப் பைக் கொக்கியில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் போனால், லாரி ஐஸ் முந்நூறு கிலோமீட்டர் காத்ததைக் கடைசி முப்பதில் இழக்கிறோம். ஒரு தூக்கு வாளியில் இரண்டு கை ஐஸ் வாங்கிப் போட்டு எடுத்துப் போவது ஒன்றும் பெரிய வேலை அல்ல. மீனைக் கடைசியாக வாங்க வேண்டும், காய்கறிக்கு முன்னால் அல்ல. மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவி வைத்தால் கெடாது என்பது பொய்; மசாலாவுக்குள்ளும் ஹிஸ்டமின் உண்டாகும். தடவினால் உடனே பிரிட்ஜ், அன்றே அடுப்பு.

ஆய்வதும் சமைப்பதும்

கல் உப்பைப் போட்டு உரசினால் செதில் சுலபமாக வரும். தலையை எடுத்த பிறகு வயிற்றோரத்தை அகலமாக அரிந்து எறிவது வழக்கம். அங்கேதான் நெய் அதிகம். கத்தி நுனியால் மெல்லக் கீறிக் குடலை மட்டும் உருவி, உள்ளே ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வைத் தேய்த்து எடுத்தால் போதும். கசப்பும் பாதி நாற்றமும் அந்தச் சவ்வில்தான் இருக்கின்றன. சினை இருந்தால் வைத்துக்கொள்ளலாம். வேகமாக இரண்டு, மூன்று தண்ணீரில் அலச வேண்டும், ஊறவைக்கக் கூடாது. ஐஸிலிருந்து எடுத்தது முதல் அரை மணி நேரத்துக்குள் வேலை முடிய வேண்டும்.

எண்ணெயில் முக்கிப் பொரித்தால் மீன் நெய்யில் ஒரு பகுதி வாணலிக்குப் போகும், வாணலி எண்ணெய் மீனுக்குள் வரும். காசு கொடுத்து வாங்கிய ஒமேகா-3-ஐச் சூரியகாந்தி எண்ணெய்க்கு மாற்றிக்கொள்கிற வேலை அது. குழம்பில் வடியும் நெய் குழம்பிலேயே மிதக்கும், களியோடு வயிற்றுக்குப் போகும். பொரிக்கத்தான் வேண்டும் என்றால் தோசைக்கல்லில் இரண்டு ஸ்பூன் கடலை எண்ணெயில் பக்கத்துக்கு நான்கு நிமிடம்.

முள்ளைத் தின்ன வேண்டுமானால் சாதாரணச் சட்டியில் 15 நிமிடம் போதாது. பக்க முள் இளகும், நடு முள் இளகாது. குக்கர் வேண்டும். ஆய்ந்த மத்தி அரைக் கிலோ, எலுமிச்சை அளவு புளியை ஒன்றரை டம்ளர் நீரில் கரைத்தது, நான்கு தக்காளி, சின்ன வெங்காயம், மிளகாய், மஞ்சள், உப்பு, இரண்டு ஸ்பூன் எண்ணெய். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 25 முதல் 30 நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும்; அவசரப்பட்டு விசிலைத் தூக்கினால் உள்ளே குழம்பு கொந்தளித்து மீன் கூழாகிவிடும். கரண்டி போடாமல் குக்கரை மெல்ல ஆட்டிக் கலக்க வேண்டும். நடு முள்ளை விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும், ஆகாவிட்டால் இன்னும் பத்து நிமிடம். குழந்தைக்குக் கொடுக்குமுன் இந்தச் சோதனையைத் தவறவிடக் கூடாது.

யூரிக் அமிலம் கூடி மூட்டு வீக்கம் உள்ளவர்களுக்கு மத்தி ஆகாது. உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் மிகுந்த மீன் இது. சிறுநீரக நோயாளிகள் முள்ளில் உள்ள பாஸ்பரஸுக்காக மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் வாங்கும் கருவாடு வேறு கணக்கு. புரதம் செறிந்திருக்கும், உப்பும் செறிந்திருக்கும், வெயிலில் காய்ந்ததில் ஒமேகா-3 பெரும்பாலும் காறிப்போயிருக்கும். நெய் மிகுந்த மத்தி கருவாட்டுக்கு ஏற்றதே அல்ல. அதற்கு நெத்திலி.

மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை. புளியும் உப்பும் இரவில் சதைக்குள் இறங்குவதால் வரும் ருசி அது, பிரிட்ஜுக்குள்ளும் அதே போல் இறங்கும். ஓசூர் மார்கழியில் அடுப்பு மேலேயே விட்டுவைத்த சட்டி தப்பிக்கலாம்; தருமபுரி சித்திரையில் தப்பிக்காது. சாப்பிட்டு முடித்ததும் மிச்சத்தை ஒரு கொதி விட்டு, ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிட வேண்டும். மறுநாள் வேண்டிய அளவை மட்டும் எடுத்துச் சுட வைக்க வேண்டும்.